பக்கற்றுச் சாப்பாடும் இரத்தச் சீனியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ளவை யாழ்ப்பாணத்துக் கடைகளில், சாமான் தட்டுக்கு முன்னால் நின்று சனம் கேட்கிற கேள்விகள். கேட்கிறவர் பெரும்பாலும் சலரோகக்காரர் (நீரிழிவு உள்ளவர்) இல்லை. அவருக்குச் சாமான் வாங்க வந்த மகளோ மருமகளோ பேரனோதான். ஒரு பக்கற்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பதில்கள் உதவும். குளிசையையோ இன்சுலின் ஊசியையோ கூட்டிக் குறைப்பதற்கு இதை எடுக்க வேண்டாம். அதைக் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்.

ரெண்டு பக்கற் கையில கிடக்கு. முதல்ல எதைப் பாக்கிறது?

பின்பக்கத்துச் சின்னப் பெட்டியில் காபோவைதரேற்று என்ற வரியைப் பாருங்கள். மாப்பொருளும் சீனியும் சேர்ந்த கணக்கு அது; கீழே கிராம் கணக்கில் மாப்பொருள் என்று சொல்வதும் இந்த மொத்தத்தைத்தான். சீனி என்ற வரிக்குப் பிறகு வரலாம்.

காரணம் இதுதான். நாம் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மற்றப் பாதி ஃபிரக்டோஸ். கோதுமை மாவிலும் அரிசி மாவிலும் உள்ள மாப்பொருளோ முழுக்கக் குளுக்கோஸைக் கோத்த சங்கிலி. குடலில் அது உடைந்து இரத்தத்துக்கு வந்து சேரும்போது எங்கிருந்து வந்தது என்று உடம்பு பார்ப்பதில்லை. 'சீனி போடாத' பிஸ்கற் சாப்பிட்டும் அம்மாவுக்குச் சீனி ஏறுவது இதனால்தான்.

அடுத்தது அளவு. பெட்டியில் 100 கிராமுக்கு ஒரு நிரலும், ஒரு தடவை பரிமாறும் அளவுக்கு இன்னொரு நிரலும் இருக்கும். இரண்டு பக்கற்றை ஒப்பிட 100 கிராம் நிரலை எடுங்கள். பரிமாறும் அளவு என்று ஒரு கம்பனி 3 பிஸ்கற்றைச் சொல்லும், மற்றது 5 என்று சொல்லும். அதை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஒப்பிட்ட பிறகு, வீட்டில் உண்மையாக எத்தனை கிராம் சாப்பிடுகிறோமோ அதற்குக் கணக்குப் பாருங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கற்றில் 100 கிராமுக்கு 68 கிராம் காபோவைதரேற்று, சாதாரண மாரி பிஸ்கற்றில் 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பின்னேரத் தேத்தண்ணியோடு 30 கிராம் சாப்பிட்டால் முதலாவதில் 20.4 கிராம், இரண்டாவதில் 22.5 கிராம். வித்தியாசம் 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிச் சீனி. அந்த அரைக் கரண்டிக்காகவா இரண்டு மடங்கு விலை கொடுப்பது? ஐந்து பிஸ்கற்றை மூன்றாக்கினால் இதைவிடக் கூடக் குறையும், காசும் மிஞ்சும்.

கிரீம் கிராக்கர் இனிக்கிறேல்லை. சலரோகத்துக்கு அது நல்லம் எண்டுதானே எல்லாரும் சொல்லினம்?

சொல்லுகிறார்கள்தான். பெரியாஸ்பத்திரி வாட்டுக்கு ஆள் பார்க்கப் போகிறவர் கையில் கிரீம் கிராக்கர் பக்கற் இருப்பது இங்கே ஒரு மரியாதை. அப்படியே அது நோயாளிச் சாப்பாடாகிவிட்டது.

ஒரு கிராக்கர் 7, 8 கிராம் நிறை. அதில் 5 கிராமுக்கு மேல் மாப்பொருள். ஆறு கிராக்கர் சாப்பிட்டால் 30 கிராமைத் தாண்டும், அதாவது இரண்டு துண்டுப் பாணுக்குச் சமம். வெள்ளை மாவில் செய்ததால் வேகமாகவும் செரிக்கும். இந்த வகைக் கிராக்கர்களின் கிளைசீமிக் சுட்டெண் பெரும்பாலும் 65 முதல் 75 வரை. (சுட்டெண் பற்றிக் கீழே வருகிறது.)

இனிக்காத சாமானில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: எத்தனை சாப்பிட்டோம் என்று மனம் எண்ணுவதில்லை. இரண்டு கிராக்கரை எடுத்துக்கொண்டு பக்கற்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு வந்து இருங்கள்.

பக்கற்றில பச்சை வட்டம் கிடந்தா பயமில்லைத்தானே?

பயம் இருக்கிறது. இலங்கையில் குடிபானங்களுக்கு 2016 இலும் திண்ம உணவுகளுக்கு 2019 இலும் இந்த நிறக்குறி வந்தது. குடிபானத்தில் 100 மில்லிலீற்றருக்குச் சீனி 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. திண்ம உணவில் 100 கிராமுக்கு 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 8 முதல் 22 வரை செம்மஞ்சள், 8 க்குக் குறைந்தால் பச்சை. திண்ம உணவில் உப்புக்கும் கொழுப்புக்கும் தனித்தனி வட்டம் உண்டு.

சிவப்பைக் கண்டால் வைத்துவிட்டு வரலாம், அதில் பிழையில்லை. ஆனால் செம்மஞ்சளைப் பாருங்கள். 100 மில்லிலீற்றருக்கு 10.5 கிராம் சீனி உள்ள சோடாவும் செம்மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 42 கிராம், பத்துத் தேக்கரண்டிக்கு மேல். அதே நிறத்தில் 3 கிராம் சீனி உள்ள பானமும் பக்கத்தில் நிற்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு எண்ணைப் பார்க்காமல் விட்டால் பிரயோசனமில்லை.

பச்சையின் குறை வேறு. அந்த வட்டம் சீனியை மட்டுமே எண்ணுகிறது. மாப்பொருள் அதன் கணக்கில் இல்லை. நூற்றுக்கு எழுபது பங்கு மாப்பொருள் உள்ள சாமான், சீனி 8 கிராமுக்குக் குறைவு என்பதால் பச்சை வாங்கிவிடும்.

ஜி.ஐ., ஜி.ஐ. எண்டு சொல்லினம். அது என்ன சாமான்?

கிளைசீமிக் சுட்டெண்தான் அது. 1981 இல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் கூட இருந்தவர்களும் கொண்டுவந்த அளவு. 50 கிராம் மாப்பொருள் கிடைக்கும் அளவுக்கு ஒரு உணவைச் சாப்பிடக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் இரத்தச் சீனி எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். வேறொரு நாள் அதே ஆளுக்கு 50 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து அதையும் அளப்பார்கள். குளுக்கோஸ் 100 என்றால் அந்த உணவு எத்தனை என்பதுதான் சுட்டெண். 55 அல்லது அதற்குக் கீழே குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70 உம் அதற்கு மேலும் கூட.

2008 இல் வெளியான சர்வதேச அட்டவணையின் சராசரிகள் சில: வெள்ளைப் பாண் 75, முழுக்கோதுமைப் பாண் 74, கோர்ன்ஃபிளேக்ஸ் 81, சாதாரண ஓட்ஸ் கஞ்சி 55, உடனடி ஓட்ஸ் கஞ்சி 79, வெள்ளைச் சோறு 73, தவிட்டரிசிச் சோறு 68, கொண்டைக்கடலை 28, பருப்பு வகை 32, சோயா அவரை 16, கொழுப்புள்ள பால் 39.

இதில் இரண்டு இடத்தில் நின்று பாருங்கள். முழுக்கோதுமைப் பாணுக்கும் வெள்ளைப் பாணுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம். தவிடு உள்ளே இருந்தாலும் மாவாக அரைத்த பிறகு செரிக்கும் வேகம் அவ்வளவு மாறுவதில்லை. மண்ணிறப் பாணில் நார் கூட, அது வயிற்றுக்கு நல்லது. சீனி ஏறாது என்று நினைத்து மேலதிகமாக ஒரு துண்டை எடுக்காதீர்கள். மற்றது ஓட்ஸ். ஒரே தானியம், ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. சுடுதண்ணி ஊற்றி இரண்டு நிமிடத்தில் கரைகிறது என்றால் 79, அடுப்பில் வைத்துக் கிண்டவேண்டிய தடித்த அவல் என்றால் 55. ஓட்ஸ் வாங்கும்போது பெட்டியில் தேடவேண்டியது 'உடனடி' என்ற சொல்லைத்தான்; அது இருந்தால் மற்றப் பெட்டியை எடுங்கள்.

அப்ப ஜி.ஐ. குறைஞ்சதைப் பாத்து வேண்டினாச் சரிதானே?

அது மட்டும் போதாது. உருளைக்கிழங்கு சிப்ஸ் அதே அட்டவணையில் 56, அவித்த உருளைக்கிழங்கு 78. எண்ணெய் வயிற்றைவிட்டு மெதுவாக இறங்குவதால் சிப்ஸுக்கு நல்ல புள்ளி. அதற்காகச் சிப்ஸ் சலரோகத்துக்கு உகந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். எண்ணெயில் பொரித்துக் காயவைத்த உடனடி நூடில்ஸும் இப்படித்தான். சுட்டெண் அவ்வளவு கூட இல்லை, ஆனால் ஒரு பக்கற்றில் 45 கிராமளவு மாப்பொருள், அதோடு அந்தச் சின்னப் பையிலுள்ள உப்பு. பிரஷர் உள்ளவருக்கு அதுவே போதும்.

சுட்டெண் வேகத்தைச் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் கிளைசீமிக் சுமை என்ற கணக்கு. சுட்டெண்ணைச் சாப்பிடும் மாப்பொருளின் கிராமால் பெருக்கி 100 ஆல் பிரியுங்கள். விடை 10 வரை குறைவு, 20 உம் அதற்கு மேலும் கூட. கால் றாத்தல் பாண் ஏறத்தாழ 110 கிராம், அதில் மாப்பொருள் 55 கிராமளவு. 75 ஐ 55 ஆல் பெருக்கி 100 ஆல் பிரித்தால் 41. அதே ஆள் ஒரே ஒரு துண்டு, 15 கிராம் மாப்பொருள் அளவுக்குச் சாப்பிட்டால் 11. பாண் அதே பாண்தான், வெட்டிய அளவுதான் மாறியது.

எங்கள் பக்கற்றுகளில் சுட்டெண் அச்சிட்டிருப்பது அரிது. 'லோ ஜி.ஐ.' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டு எண்ணை மட்டும் போடாமல் விட்டிருந்தால் நான் அதை விளம்பரமாகத்தான் எடுப்பேன். முறையான சோதனைக்கு 2010 முதல் சர்வதேச நியமம் ஒன்று இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 26642. அதன்படி குறைந்தது 10 பேருக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும். செய்தவர்கள் எண்ணை மறைக்கமாட்டார்கள்.

குரக்கன் மா, ஆட்டா மா, சிவப்பரிசி மா, ஒடியல் மா: இதில எது?

இதில் எந்த மா என்றாலும் 100 கிராமில் முக்கால் பங்கை ஒட்டி மாப்பொருள்தான். அமெரிக்கன் மாவிலிருந்து (வெள்ளைக் கோதுமை மா) இவற்றுக்கு மாறினால் நாரும் கனியுப்பும் கூடும், மாப்பொருள் பெரிதாகக் குறையாது. அட்டவணையில் சிறுதானியக் கஞ்சி 67, கோதுமைச் சப்பாத்தி 52. குரக்கனைக் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் ஒரு கதை, ரொட்டியாகத் தட்டித் தேங்காய்ப்பூவும் சம்பலும் வைத்து மென்று சாப்பிட்டால் வேறு கதை.

பக்கற் மாவில் கவனிக்கவேண்டியது நைவு. வீட்டில் இடித்து அரித்த மாவைவிட மில்லில் நைஸாக அரைத்து வறுத்த இடியப்ப மா சீக்கிரம் செரிக்கும். அதே அரிசியைச் சோறாக ஆக்கினால் இன்னும் மெதுவாக இறங்கும். மொட்டைக்கறுப்பன் என்ற எங்கள் ஊர் அரிசி கிடைத்தால் மாவாக வாங்குவதைவிடப் புழுங்கல் அரிசியாக வாங்குங்கள்.

காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுக்கிற ஒடியல் மாவும் மாதான். ஆனால் கூழாகக் காய்ச்சும்போது மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் சேர்ந்து ஒரு கிண்ணத்தில் மாவின் பங்கு குறைந்துவிடுகிறது. ஒடியல் பிட்டில் அப்படி நடக்காது. கறி கூட, பிட்டுக் குறைய என்று நீங்களாகத்தான் பார்க்கவேண்டும்.

மோல்ட் போட்டுக் குடிச்சா சத்துத்தானே? அப்பாவுக்குப் பத்து மணிக்குக் குடுக்கிறனாங்கள்.

சத்து இருக்கிறது. கூடவே மோல்டோசும் இருக்கிறது. முளைவிட்ட பார்லியில் மாப்பொருள் உடைந்து உண்டாகிற சர்க்கரை அது, சுட்டெண் 105. குளுக்கோஸையே தாண்டும்.

அப்பாவின் கப்பைக் கணக்குப் பார்ப்போம். குவித்து இரண்டு பெரிய கரண்டி மோல்ட் மா, 25 கிராம். அதில் ஏறத்தாழ 18 கிராம் மாப்பொருள். அதற்கு மேல் இரண்டு தேக்கரண்டிச் சீனி, 8 கிராம். பால்மாவும் போட்டால் இன்னும் ஐந்தாறு கிராம். மொத்தம் 30 கிராமைத் தாண்டுகிறது, அதுவும் தண்ணியாக, மெல்லவேண்டிய வேலை இல்லாமல். பத்து மணிக்கு அந்தக் கப்போடு இரண்டு கிராக்கரும் வைத்தால் ஒரு சின்னச் சாப்பாடே ஆகிவிட்டது. பதினொரு மணிக்குக் கிளினிக்கில் பார்த்து 'ஒண்டும் சாப்பிடேல்லை' என்று அவர் சொன்னால் பொய் சொல்லவில்லை. குடித்ததை அவர் சாப்பாடாக எண்ணவில்லை, அவ்வளவுதான்.

பால்மாவில் சீனி 38 கிராம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. சீனி சேர்க்காத பால்மா என்றால் அது பாலிலேயே உள்ள லக்டோஸ். பாலின் சுட்டெண்ணும் குறைவு. பொருட்கள் பட்டியலில் சீனி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரின்பால் அப்படியில்லை, அதில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு பெரிய கரண்டியில் 20 கிராமுக்கு மேல் போய்விடும்.

பொருட்கள் பட்டியலில எந்தப் பேருகளைத் தேடுறது?

பட்டியல் நிறைப்படி இறங்கு வரிசையில் இருக்கும். கூடச் சேர்த்தது முதலில். முதல் மூன்று பேருக்குள் கோதுமை மா, சீனி, அரிசி மா என்று நின்றால் முன்பக்கப் படத்தில் என்ன தானியம் ஆடினாலும் கணக்கில்லை.

சீனி வேறு பெயர்களிலும் வரும்: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், மோல்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாற்றுச் செறிவு, தேன். மோல்டோடெக்ஸ்ட்ரின் என்று கண்டால் கொஞ்சம் கூடக் கவனம். அது இனிக்காது, பெரும்பாலும் சீனி வரியிலும் விழாது, ஆனால் குளுக்கோஸ் அளவுக்கு வேகமாக இரத்தத்தில் ஏறும். சூப் மா, சத்துமா, சுவையூட்டிய பால்மா வகைகளில் அடிக்கடி இருக்கும்.

லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் 'டயபெடிக்' சொக்லேற் கொண்டு வருகினம். அது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இந்தக் கேள்வி கூட வரும். பெட்டியைத் திறந்தால் ஒரு பக்கம் முழுக்க 'உங்களுக்கெண்டே பாத்து வாங்கினது' தான்.

பெரும்பாலான அந்தச் சொக்லேற்றுகளில் சீனிக்குப் பதிலாக மோல்டிடோல் என்ற இனிப்பூட்டி இருக்கும். அதன் சுட்டெண் 35 ஐ ஒட்டி; சீனிக்கு 65. குறைவுதான், இல்லையென்றில்லை. ஒரு கிராமுக்குச் சீனி 4 கலோரி, மோல்டிடோல் 2 க்குச் சற்று மேல். கொழுப்பு அப்படியே இருக்கும். கூடச் சாப்பிட்டால் வயிறு ஊதி வெளிக்குப் போகும். மாமி நாலு துண்டை ஒரேயடியாகச் சாப்பிட்டுவிட்டு இரவு முழுக்கக் கிணற்றடிப் பக்கம் நடந்தால் காரணம் அதுதான். ஐரோப்பிய விதிகள் மாறியதால் 2016 க்குப் பிறகு பிரித்தானியாவில் 'டயபெடிக் உணவு' என்று லேபல் போடவே முடியாது. அங்கத்தைய சலரோக அமைப்புகளும் அவை தேவையில்லை என்றுதான் சொல்லிவந்தன.

இதைவிடப் பிரயோசனமான ஒன்று: கனடாப் பக்கற்றில் காபோவைதரேற்று வரிக்குள் நாரும் அடங்கும். 40 கிராம் காபோவைதரேற்று, 8 கிராம் நார் என்றால் கழித்து 32 என்று எடுங்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியாப் பக்கற்றில் நார் ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது. அங்கே கழிக்கக் கூடாது, கழித்தால் இரண்டு தரம் கழித்ததாகிவிடும். ஒரே கம்பனிச் சீரியல் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து இரண்டு எண்ணைக் காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள்.

தேத்தண்ணிக்குப் போடுகிற சுக்ரலோஸ், ஸ்டீவியாக் குளிசைகள் இரத்தச் சீனியை ஏற்றுவதில்லை. உடம்பு மெலிவதற்காக இவற்றை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னது. ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களை அந்த அறிவுரையில் அது சேர்க்கவில்லை.

பனங்கட்டி நல்லம்தானே? எங்கட சாமான்.

எங்கட சாமான்தான், ஆனால் சீனிக்குச் சீனிதான். பதநீரைக் காய்ச்சி இறுக்குவதால் பெரும்பங்கு சுக்ரோஸ், கடைச் சீனியிலுள்ள அதே பொருள். இரும்புச்சத்தும் பொட்டாசியமும் கொஞ்சம் உண்டு. அதற்காக அளவு கணக்கில்லாமல் தின்ன முடியாது. பனங்கட்டிக்கு 35, 40 என்று சுட்டெண் சொல்லி விற்கிறார்கள். தென்னஞ்சீனிக்கு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்: பிலிப்பைன்ஸில் 35 என்று வந்தது, சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது 54.

பனங்கட்டியில் எனக்குப் பிடித்தது அதைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம். பனங்கட்டி வருகிற ஓலைக் குட்டானிலிருந்து நகக்கண் அளவு கிள்ளி எடுத்து, ஒரு கடி, இரண்டு மிடறு. கரண்டியால் அள்ளிக் கலக்குவதைவிடக் குறைவாகவே போகும். முழுக் குட்டானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடித்தால் அந்த லாபமும் இல்லை.

பனம்பழத்துக் களியில் உள்ள கசப்புப் பொருளான ஃபிளபெலிஃபெரின் குளுக்கோஸ் உறிஞ்சலைக் குறைக்கிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அது பழத்தின் களியில் உள்ளது; பதநீரில் செய்த பனங்கட்டிக்கு அதைச் சொல்லி விற்கக் கூடாது.

லேபலே இல்லாத பக்கற்றுக்கு என்ன செய்யிறது? பருத்தித்துறை வடை, பயத்தம் உருண்டை எல்லாம் வீட்டில செய்து விக்கினம்.

செய்கிற அக்காவிடம் கேளுங்கள், சொல்வார். பிறகு கணக்கு இலகு. அரிசி மா, கோதுமை மாவில் முக்கால் பங்கு மாப்பொருள். பயறு, உழுந்து, கடலை மாவில் நார் உட்பட ஐந்தில் மூன்று பங்கு. சீனி, பனங்கட்டியை முழுதாக எடுங்கள். எண்ணெய்க்குப் பூச்சியம். எள்ளு, தேங்காய், கச்சான் கொஞ்சம்.

ஒரு கிலோ பயத்தம் உருண்டைக்கு 500 கிராம் பயத்தம் மா, 350 கிராம் சீனி, 150 கிராம் வறுத்த தேங்காய்ப்பூ என்று வைப்போம். மாவிலிருந்து 300, சீனியிலிருந்து 350, தேங்காயிலிருந்து ஒரு 20. மொத்தம் 670. உருண்டை ஒன்று 25 கிராம் என்றால் அதில் 17 கிராம் மாப்பொருள், ஒரு துண்டுப் பாணுக்குச் சற்று மேல். கலியாண வீட்டில் மூன்று சாப்பிட்டால் கால் றாத்தல் பாணுக்கு அருகில். பயறு என்பதால் மெதுவாக ஏறும், ஆனால் உள்ளே போன சீனி சீனிதான்.

வடை இனிக்காது, உழுந்தும் இருக்கிறது. மாவும் எண்ணெயும் கூட. நாலைந்து தட்டை வடை நொறுக்கினால் தெரியாமலே 20, 25 கிராம் மாப்பொருள் போயிருக்கும்.

அப்ப எந்தப் பக்கற்றைத்தான் பயமில்லாமல் வேண்டுறது?

சோயா மீற். உலர்ந்த நிலையில் பாதியளவு புரதம், மாப்பொருள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, அதிலும் நார் கூட. உள்ளே இருக்கிற சுவைத்தூள் பையை எறிந்துவிட்டு வீட்டுச் சரக்குத்தூள் போட்டால் உப்பும் குறையும். வறுத்த கச்சான் (சீனி பூசாதது), அவிக்கிற கடலை, பருப்பு, பயறு, ரின்மீன். நல்லூரில் கச்சான் கடையைத் தாண்டிப் போகத் தேவையில்லை, ஐஸ்கிறீம் கடையைத்தான் தாண்டவேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் சோயாவையும் கடலையையும் டொக்டரிடம் கேட்டுவிட்டு எடுக்கவும்.

வீட்டில குளுக்கோமீற்றர் இருக்கு. அதால பக்கற்றுகளை ஒப்பிடலாமோ?

தாராளமாக. அட்டவணைகளைவிட அம்மாவின் விரல் அம்மாவைப் பற்றிக் கூடச் சொல்லும். ஆனால் முறையாகச் செய்யவேண்டும், ஸ்ட்ரிப் சும்மா வருவதில்லை.

காலையில், குளிசை வழக்கம்போல, முதல் நாள் ஒரு பக்கற், வேறொரு நாள் மற்றது. கிராம் சமனாக எடுக்காமல் மாப்பொருள் சமனாக எடுங்கள்: இரண்டிலும் 30 கிராம் மாப்பொருள் வரும் அளவு. சாப்பிட முதல் ஒரு தரம், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் ஒரு தரம். ஸ்ட்ரிப் மிச்சம் இருந்தால் ஒரு மணித்தியாலத்திலும் பாருங்கள், உச்சம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். பார்க்கவேண்டியது கடைசி எண் இல்லை, எவ்வளவு ஏறியது என்பது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டின விரலில் குத்தினால் மெஷின் மாம்பழத்தையும் சேர்த்து அளந்து 300 காட்டும், வீடே கலங்கும். ஸ்ட்ரிப் போத்தலை உடனே மூடுங்கள். அதை 30 பாகைக்கு மேல் வைக்கக் கூடாது, ஆகவே சித்திரை வெயிலில் அடுப்படி யன்னல் தட்டு சரிவராது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வேண்டாம்.

மெஷினுக்கு 15 வீதம் வரை கூடிக் குறைய அனுமதி உண்டு. உண்மையில் 150 என்றால் 130 உம் காட்டலாம், 170 உம் காட்டலாம். ஒரு பக்கற்றுக்கு 48 ஏறியது, மற்றதுக்கு 57 ஏறியது என்றால் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. 40 க்கும் 90 க்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு தரம் பார்த்தும் வந்தால் அது உண்மை.

இதையெல்லாம் வாசிச்சுப்போட்டு மாப்பொருளை ஒரேயடியாக் குறைச்சா?

மெட்ஃபோமின் மட்டும் போடுகிறவருக்குப் பெரிதாகப் பயமில்லை. இன்சுலின் போடுகிறவரும் கிளிக்லசைட் போன்ற குளிசை எடுக்கிறவரும் கிளினிக்கில் சொல்லாமல் திடீரென்று குறைக்கக் கூடாது, சீனி இறங்கிவிடும்.

70 க்குக் கீழே போய், வேர்த்து, கை நடுங்கினால் அந்த நேரத்துக்கு வேகமான சீனிதான் மருந்து. நாலு தேக்கரண்டிச் சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சீனி போட்ட இனிப்புச் சோடா 150 மில்லிலீற்றர். 'டயற்' சோடா கொடுத்தால் ஒன்றும் நடக்காது. சொக்லேற்றும் வேண்டாம், கொழுப்பு அதை இழுத்தடிக்கும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறிய பிறகு இரண்டு மூன்று கிரீம் கிராக்கர் கொடுக்கலாம். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

லண்டன் அண்ணை தனக்கு 8 எண்டுறார், இஞ்ச அம்மாவுக்கு 144. ஆருக்குக் கூட?

இருவருக்கும் ஒன்றுதான். அவருடைய மெஷின் மில்லிமோலில் காட்டுகிறது, எங்களுடையது மில்லிகிராமில். அவருடையதை 18 ஆல் பெருக்கினால் எங்களுடையது வரும்: 7 என்றால் 126, 10 என்றால் 180. மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யையும் லண்டனில் வேறு அலகில்தான் எழுதுகிறார்கள். அங்கே 48 என்பது எங்கள் ரிப்போட்டில் 6.5 வீதம், 53 என்பது 7 வீதம்.